புதர் ரோஜாவைப் புதராகவே வளர விடுங்கள்

கேள்வி இதுதான்: "வீட்டுத் தோட்டத்தில் இரண்டு முறை ஒட்டு ரோஜா வைத்தேன். இரண்டு முறையும் இலைகளில் கரும்புள்ளி விழுந்து, செடி மொட்டையாகி, ஒன்றரை ஆண்டுக்குள் பட்டுப்போனது. புதர் ரோஜாவுக்குப் பராமரிப்பு குறைவு என்கிறார்கள். உண்மையா? எந்த வகையை வாங்குவது, எப்படி நடுவது, எப்போது கவாத்து செய்வது? பழைய செடி நின்ற குழியிலேயே நடலாமா?"

உண்மைதான். ஆனால் புதர் ரோஜாவை வாங்கி வந்து, பழைய செடியை நடத்தியது போலவே நடத்தினால் இதுவும் நலிந்துபோகும். ரோஜா என்றாலே ஆண்டுதோறும் முழங்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டும், மாதந்தோறும் உரம் போட வேண்டும், வாரந்தோறும் மருந்து தெளிக்க வேண்டும் என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிப் போயிருக்கிறது. அது வேறொரு ரோஜாவுக்காக எழுந்த பழக்கம்.

அந்த வேறொரு ரோஜாதான் ஹைபிரிட் டீ. நீண்ட தண்டின் நுனியில் பெரிய ஒற்றைப் பூ பூப்பது. 1867-இல் பிரான்சில் கியோ என்பவர் அறிமுகப்படுத்திய 'லா பிரான்ஸ்' ரோஜாவை அந்த வரிசையின் முதல் செடியாகக் கொள்வது வழக்கம். பூவின் வடிவத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதால், அவற்றில் பலவற்றின் இலைகளுக்கு நோயைத் தாங்கும் வலு குறைந்துவிட்டது. கடுமையாக வெட்டினால்தான் பெரிய பூ வரும். வெட்டினால் செடி இளைக்கும். இளைத்தால் நோய் வரும். உங்கள் இரண்டு செடிகளும் இந்தச் சுழலில்தான் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

புதர் ரோஜா என்பது ஒரே குடும்பத்தின் பெயர் அல்ல. காட்டு இனங்கள், 1867-க்கு முந்தைய பழைய தோட்ட ரோஜாக்கள், இருபதாம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்ட நவீனப் புதர்கள் எல்லாமே பேச்சு வழக்கில் இந்தப் பெயருக்குள் வந்துவிடும். தூரிலிருந்து பல கிளைகள் எழும்பி, அடி முதல் நுனி வரை இலை மூடி, கொத்துக் கொத்தாகப் பூப்பதுதான் இவற்றுக்குப் பொதுவான தோற்றம். இவற்றை உருவாக்கியவர்களில் சிலர் செடியின் நலத்தையே முதலில் பார்த்தார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிரிஃபித் பக், கடும் குளிரில் மூடிக் காப்பாற்றாமல் விட்டும் பிழைத்து நின்ற செடிகளையே தேர்ந்தெடுத்தார். 1977-இல் வெளிவந்த 'கேர்ஃப்ரீ பியூட்டி' அவருடையது. கரும்புள்ளி நோயை எதிர்ப்பதையே குறிக்கோளாக வைத்து வில்லியம் ராட்லர் உருவாக்கிய 'நாக் அவுட்' 2000-இல் விற்பனைக்கு வந்தது. அவர்களுடைய பொறுமையின் பலனைத்தான் இன்று நாம் தோட்டத்தில் அனுபவிக்கிறோம்.

ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: உங்கள் பருவநிலைக்கு ஒத்துவருமா, முழுதாக வளர்ந்தால் எவ்வளவு அகலம் வரும், ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதா அல்லது மீண்டும் மீண்டும் பூப்பதா. பூவின் நிறத்தை நான்காவதாக வையுங்கள்.

பருவநிலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காலிகா, ஆல்பா போன்ற பழைய ஐரோப்பிய ரோஜாக்களுக்கு நல்ல குளிர்காலம் வேண்டும். அது இல்லாத வெப்பப் பகுதிகளில் அவை இலையாக வளர்ந்துகொண்டே இருக்கும், பூ அரிதாகத்தான் வரும். வெப்பப் பகுதியில் வசிப்பவர்கள் சீன ரோஜாக்களையும் பழைய டீ ரோஜாக்களையும் நம்பலாம். 'மியூட்டபிலிஸ்' என்ற சீன ரோஜா எனக்கு மிகவும் பிரியமானது. வெளிர்மஞ்சளாக விரிந்து, இளஞ்சிவப்பாக மாறி, கருஞ்சிவப்பில் முடியும். ஒரே புதரில் ஒரே நாளில் மூன்று நிறத்தையும் பார்க்கலாம். உறைபனி கடுமையாக விழும் இடமானால் ருகோசா வகைகள் சிறந்தவை. கிழக்காசியக் கடற்கரை மணலில் பிறந்த இனம் அது; உப்புக் காற்றையும் தாங்கும். ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண் அதற்கு ஆகாது, இலை மஞ்சளாக வெளுக்கும்.

டேவிட் ஆஸ்டின் உருவாக்கிய ஆங்கில ரோஜாக்களைப் பலரும் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறார்கள். அடுக்கடுக்கான இதழும் மணமும் உண்மையிலேயே மயக்குபவைதான். ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள். 1961-இல் வந்த 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை' ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும். 1983-இல் வந்த மஞ்சள் நிற 'கிரஹாம் தாமஸ்' மீண்டும் மீண்டும் பூக்கும். பெயர்ப்பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கிவிடக் கூடாது. அடுத்து, இவற்றில் பல வெப்பப் பகுதிகளில் பட்டியலில் சொன்னதைவிட மிக உயரமாக வளர்ந்து, கொடி போல நீண்டுவிடும். இடம் குறைவாக இருந்தால் 'போனிகா' போன்ற நடுத்தரப் புதரே பொருத்தம்.

இனி, இடம். செடி வாங்குமுன் ஒரு நாள் முழுவதும் உங்கள் தோட்டத்தில் வெயில் எங்கே விழுகிறது, எங்கிருந்து விலகுகிறது என்று பாருங்கள். குறைந்தது ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். அதிலும் காலை வெயில் பொன் போன்றது. இரவுப் பனியில் நனைந்த இலையை அது சீக்கிரம் உலர்த்திவிடும். கரும்புள்ளிக்கு எதிராக இதைவிட நல்ல மருந்து இல்லை. கோடை கொளுத்தும் இடங்களில் பிற்பகலில் கொஞ்சம் நிழல் விழுந்தால் பூவின் நிறம் வெளுக்காமல் நிற்கும்.

காற்றோட்டத்தை இதற்கு இணையாகச் சொல்வேன். என் தோட்டத்தில் மதில் சுவரை ஒட்டி ஹைபிரிட் மஸ்க் என்ற வகைப் புதர் ரோஜா ஒன்றை நட்டிருந்தேன். நோய் எதிர்ப்பில் நல்ல பெயர் பெற்ற செடி அது. மூன்று ஆண்டுகள் சுவர்ப் பக்கத்து இலைகள் மட்டும் சாம்பல் பூத்துச் சுருண்டன. மருந்து மாற்றினேன், உரம் மாற்றினேன், எதுவும் பலிக்கவில்லை. நான்காம் ஆண்டில் செடியை வேர்மண்ணோடு தோண்டி எடுத்து, சுவரிலிருந்து நான்கடி தள்ளி நட்டேன். அதே மண், அதே தண்ணீர். அடுத்த பருவத்தில் சாம்பல் நோய் ஏறக்குறைய நின்றுபோனது. அன்று முதல் யாருக்கும் நான் சொல்லும் முதல் ஆலோசனை, செடியைச் சுற்றி ஆள் நடந்துவர இடம் விடுங்கள் என்பதே. வரிசையாக நடுவதானால், நான்கடி அகலம் வளரும் ரகத்துக்கு நான்கடி இடைவெளி விடுங்கள். கிளைகள் ஒன்றையொன்று தொடும், நெருக்காது.

வடிகாலைச் சோதிப்பது எளிது. ஓரடி ஆழத்துக்குக் குழி எடுத்து நீர் நிரப்புங்கள். அது இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் சில மணி நேரத்தில் வடிந்தால் கவலையில்லை. மறுநாளும் நின்றால் அங்கே குழியில் நடாமல், மண்ணை ஓரடி உயர்த்தி மேட்டுப்பாத்தி அமையுங்கள். களிமண்ணில் குழிக்குள் மட்டும் மணலைப் போடுவது கூடாது. சுற்றிலும் இறுகிய களி இருக்க, குழி மட்டும் தளர்ந்திருந்தால் அது நீர் தேங்கும் தொட்டியாகிவிடும். ஒன்றிரண்டு கூடை மட்கிய தொழுவுரத்தைப் பாத்தி முழுவதும் கிளறிக் கலப்பதே சரி. மண்ணின் கார அமில அளவு 6 முதல் 6.5 வரை இருந்தால் ரோஜா எல்லாச் சத்தையும் நன்றாக எடுத்துக்கொள்ளும். 7 வரையிலும் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளந்தளிர் வெளுத்து நிற்கும்.

குழி ஒன்றரை அடி ஆழம், இரண்டடி அகலம். நடுவதற்கு முன் தொட்டியோடு செடியை நீரில் ஊறவையுங்கள். வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள். ஒட்டுக்கட்டிய செடி என்பது வேறொரு ரோஜாவின் வேரில் நல்ல ரகத்தைப் பொருத்தியது; பொருத்திய இடம்தான் ஒட்டு முடிச்சு. அது எங்கே நிற்க வேண்டும் என்பது குளிரைப் பொறுத்தது. உறைபனி விழும் இடங்களில் முடிச்சை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் புதைக்க வேண்டும். மேற்பகுதி பனியில் கருகினாலும் முடிச்சிலிருந்து நல்ல ரகம் மீண்டும் துளிர்க்கும். உறைபனியே இல்லாத இடங்களில் முடிச்சு மண்ணுக்கு மேலே ஓரிரு அங்குலம் தெரிய வேண்டும், புதைத்தால் அழுகும். சொந்த வேரில் வளர்ந்த செடிக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் நான் சொந்த வேர்ச் செடியையே எடுப்பேன். முதல் ஆண்டில் சிறியதாகத் தெரியும். ஆனால் அதன் ஒவ்வொரு துளிரும் நீங்கள் வாங்கிய ரகத்தின் துளிர்தான்.

ஒட்டுச் செடியில் அந்த உறுதி கிடையாது. வேர்ச்செடியிலிருந்து காட்டுக் கிளை கிளம்பிவிடும். ஐந்து சிற்றிலை இருந்தால் நல்ல கிளை, ஏழு இருந்தால் காட்டுக் கிளை என்று ஒரு சூத்திரம் வழங்கி வருகிறது. புதர் ரோஜா வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதை மறந்துவிட வேண்டும். ருகோசாவுக்கும் பல நவீனப் புதர்களுக்கும் இயல்பாகவே ஏழு, ஒன்பது சிற்றிலைகள் உண்டு. இந்தச் சூத்திரத்தை நம்பி, செடியின் வருங்காலமாகிய தடித்த இளங்கிளைகளை வெட்டி எறிந்த தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன்; மனம் வலிக்கிறது. மண்ணை விலக்கி, கிளை எங்கிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். ஒட்டு முடிச்சுக்குக் கீழே, வேர்ப்பகுதியிலிருந்து வந்தால்தான் அது காட்டுக் கிளை. அதையும் கத்தரியால் வெட்டாமல் பிறந்த இடத்திலிருந்து இழுத்துப் பிய்த்து எடுங்கள். வெட்டினால் அடியில் மிஞ்சும் கணுக்களிலிருந்து இரண்டு மூன்றாகக் கிளம்பும்.

தண்ணீர் தூரில் ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். தினம் ஒரு குவளை ஊற்றுவதைவிட, மண்ணின் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு வேர் ஆழம் வரை இறங்கும்படி பத்துப் பதினைந்து லிட்டர் ஊற்றுவது நல்லது. மேலோட்டமாக நனைத்தால் வேரும் மேலேயே தங்கிவிடும், முதல் வெப்ப அலையில் வாடும். மண்ணின் மேல் இரண்டு மூன்று அங்குலம் மூடாக்கு. காய்ந்த இலை, வைக்கோல், மரப்பட்டைத் துண்டு எதுவும் ஆகும். தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நட்ட குழியில் ரசாயன உரம் வேண்டாம். கவாத்து முடிந்ததும் ஒருமுறை, முதல் பூப்பு முடிந்ததும் ஒருமுறை தொழுவுரமோ சமச்சீர் உரமோ போட்டால் பெரும்பாலான புதர்களுக்கு அது போதும். தழைச்சத்து மிகுந்தால் கிளை நீரேறி மென்மையாக வளரும். அசுவினிக்கும் சாம்பல் நோய்க்கும் அதுவே அழைப்பு. எப்சம் உப்பு எல்லா ரோஜாவுக்கும் தேவை என்பது சரியல்ல. மண்ணில் மெக்னீசியம் குறைந்திருந்தால் மட்டுமே அது பயன்படும்.

இப்போது கவாத்து. உங்கள் கேள்வியில் முக்கியமான பகுதி இதுதான், ஏனெனில் இங்கேதான் புதர் ரோஜா மற்ற ரோஜாவிலிருந்து முற்றிலும் விலகுகிறது.

நட்ட முதல் இரண்டு ஆண்டுகள் காய்ந்தது, ஒடிந்தது, நோயுற்றது தவிர வேறு எதையும் வெட்டாதீர்கள். செடி தன் சட்டகத்தை அப்போதுதான் கட்டுகிறது. மூன்றாம் ஆண்டிலிருந்து, மீண்டும் மீண்டும் பூக்கும் ரகமானால் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். அதோடு, ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு மிகப் பழைய கிளைகளை அடியோடு நீக்குங்கள். பட்டை சாம்பல் நிறமாகி, வெடித்து, துளிர்ப்பது குறைந்த கிளைகள் அவை. அவை போன இடத்தில் வெயில் தூருக்குள் இறங்கும். அங்கிருந்து புதுக்கிளை எழும். இப்படியே செய்துவந்தால் நான்கைந்து ஆண்டுகளில் செடி முழுவதும் புதிதாகிவிடும், ஒரு நாளும் மொட்டையாகத் தெரியாது. எல்லாக் கிளைகளையும் ஒரே உயரத்தில் வேலி போலச் சமமாக வெட்டினால் உச்சியில் மட்டும் இலையடர்ந்து அடிப்பகுதி வெறுங்குச்சியாகிவிடும். கிளைகளை வெவ்வேறு உயரத்தில், வெளிநோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் ரகங்களில் நிலைமை தலைகீழ். அவை சென்ற ஆண்டு வளர்ந்த கிளையில்தான் பூக்கும். குளிர்கால இறுதியில் மற்றவற்றோடு சேர்த்து இவற்றையும் வெட்டினால் அந்த ஆண்டின் பூ முழுவதையும் வெட்டி எறிகிறீர்கள். "நன்றாக வளர்கிறது, ஆனால் பூப்பதே இல்லை" என்று வரும் குறைகளில் ஒரு பகுதி இதனால்தான். இவற்றுக்குப் பூ முடிந்த உடனே கவாத்து.

எந்த மாதம் என்பது உங்கள் பருவத்தைப் பொறுத்தது. உறைபனி உள்ள இடங்களில், பனி விலகி மொட்டுக்கணு பருக்கத் தொடங்கும் வேளை. செடி உறங்கவே உறங்காத வெப்பப் பகுதிகளில், மழைக்காலம் ஓய்ந்து இதமான வறண்ட காலம் தொடங்கும் வேளை. வெட்டிய ஆறு முதல் எட்டு வாரங்களில் பூ வரும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். கோடை உச்சத்தில் கடுமையாக வெட்டாதீர்கள். திடீரென்று வெயிலில் வெளிப்படும் பழைய தண்டு வெந்துபோகும். கிளையின் நுனி கருத்துக் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தால், தண்டின் உள்சோறு வெண்மையாகத் தெரியும் வரை வெட்டி எடுங்கள். பழுப்பு தெரிகிறவரை நோய் உள்ளே இருக்கிறது.

வாடிய பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டாம். கொத்து முழுவதும் முடிந்ததும் முதல் முழு இலை வரை சேர்த்து வெட்டுங்கள். ருகோசாவில் மட்டும் பருவத்தின் கடைசிப் பூக்களை விட்டுவையுங்கள். அவை சிவந்து உருண்ட கனிகளாகும், பறவைகள் வரும்.

கரும்புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் இரண்டு செடிகளையும் கொண்டுபோனது அதுதான் என்பதால். அது ஒரு பூஞ்சை. அதன் வித்து இலையில் விழுந்தாலே நோய் வந்துவிடாது. இலை ஏறக்குறைய ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் முளைத்து உள்ளே நுழையும். மாலையில் இலை நனையத் தண்ணீர் தெளிப்பவர், அந்த ஏழு மணி நேரத்தைத் தம் கையாலேயே கொடுத்துவிடுகிறார். ஆகவே காலையில், தூரில் மட்டும் நீர் விடுங்கள். நோய் மண்ணுக்கு அருகிலுள்ள இலைகளில் தொடங்கி மேலேறும். புள்ளி விழுந்த இலையையும் உதிர்ந்ததையும் அன்றன்றே பொறுக்கித் தோட்டத்துக்கு வெளியே போடுங்கள். மூடாக்கு இருந்தால் மழைத்துளி பட்டு மண்ணிலிருந்து வித்து தெறிப்பது குறையும். கந்தகம், தாமிரம் போன்ற மருந்துகள் வருமுன் காப்பவை மட்டுமே. விழுந்த புள்ளியை அழிக்காது. கந்தகத்தைக் கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். ருகோசாவுக்கு எந்த மருந்தும் தெளிக்காதீர்கள், இலையைக் கொட்டிவிடும். எதிர்ப்புச் சக்தி உள்ள ரகத்திலும் சில புள்ளிகள் விழத்தான் செய்யும். இந்தப் பூஞ்சையில் பல உட்பிரிவுகள் உண்டு, எல்லாவற்றையும் எதிர்க்கும் செடி அரிது. மழைக்காலத்தில் கீழ் இலைகள் கொஞ்சம் போனால் பதற வேண்டாம்.

பூச்சிகளுக்கு நான் மருந்தைத் தொடுவதே அபூர்வம். அசுவினி வந்தால் வேகமான நீரால் அடித்து, ஒரு வாரம் பொறுத்தால் பொறிவண்டுகள் வந்து மீதியைத் தின்றுவிடும். நீங்கள் மருந்தடித்தால் வண்டுகள்தான் முதலில் சாகும். வறண்ட வெயிலில் இலை மங்கிப் பழுப்பேறினால் அடிப்புறத்தைப் பாருங்கள், செம்பேன் இருக்கும். காலையில் அடிப்புறத்தை நீரால் கழுவுங்கள், மாலைக்குள் உலர்ந்துவிடும். மொட்டு விரியாமல் இதழ் ஓரம் பழுப்பேறினால் அது இலைப்பேன். அந்த மொட்டுகளைப் பறித்து அப்புறப்படுத்துங்கள்.

கடைசியாக, பழைய குழி. அங்கே நடாதீர்கள். ரோஜா நின்ற மண்ணில் மறுபடி ரோஜாவை வைத்தால் புதுச்செடி காரணம் தெரியாமல் தேங்கி நிற்கும். பழைய வேரைச் சுற்றிப் பெருகிய நூற்புழுக்களும் பூஞ்சைகளும் இளவேரைத் தாக்குவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. வேறு இடமே இல்லை என்றால் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி எடுத்து, ரோஜா பார்த்திராத பாத்தி மண்ணை அங்கே நிரப்புங்கள். எடுத்த மண்ணை வீணாக்க வேண்டாம், காய்கறிக்கோ வேறு பூச்செடிக்கோ அது நன்றாகவே உதவும். குழியை நிரப்பும்போது பழைய வேர்த்துண்டு ஒன்றுகூட உள்ளே தங்காமல் கையால் துழாவிப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.